இரண்டாவது பேனல் வாங்குவதற்கு முன் இன்வெர்ட்டரைக் கவனியுங்கள்

கேள்வி: பொழுதுபோக்காக வீட்டில் ஒரு சிறிய சோலார் அமைப்பு செய்து வைத்திருக்கிறேன். 100 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி, 10 ஆம்பியர் பி.டபிள்யூ.எம் சார்ஜ் கன்ட்ரோலர், 500 வாட் இன்வெர்ட்டர். 7 வாட் எல்இடி பல்பு இரண்டு, ரவுட்டர், சிறிய பி.எல்.டி.சி விசிறி ஒன்று, இவ்வளவுதான் ஓட்டுகிறேன். இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது. மூன்றாம் நாள் ராத்திரி இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. இன்னொரு பேனல் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: இரண்டு நாள் ஓடி மூன்றாம் நாள் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏதாவது பழுது என்றால் பெரும்பாலும் முதல் ராத்திரியே காட்டிக்கொடுத்திருக்கும். இது வரவுக்கு மீறிய செலவு. பேட்டரியில் இருந்த கையிருப்பு இரண்டு நாள் தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

செலவை முதலில் எழுதிப் பார்ப்போம். இரண்டு பல்புக்கும் சேர்த்து 14 வாட், ராத்திரி 5 மணி நேரம் எரிந்தால் 70 வாட்-ஹவர். விசிறி 30 வாட் என்று வைத்தால் 6 மணி நேரத்துக்கு 180. ரவுட்டர் பார்க்கச் சின்னப் பொருள், 8 வாட் இருக்கும். ஆனால் அது 24 மணி நேரமும் ஓடுகிறது, ஆகவே 192. விசிறியைவிட அதிகம்! எல்லாம் சேர்த்து 442.

இதோடு கணக்கு முடியவில்லை. இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா ஆன் ஆகி நின்றாலே மின்சாரம் குடிக்கும். உங்களுடைய அளவுள்ள இன்வெர்ட்டர்கள் 5 முதல் 15 வாட் வரை இப்படி எடுத்துக்கொள்வது சாதாரணம். 10 வாட் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 240 வாட்-ஹவர். ரவுட்டருக்காக நீங்கள் அதை அணைப்பதே இல்லை என்று நினைக்கிறேன். 8 வாட் பொருளை ஓட்ட 10 வாட் தண்டமாகப் போகிறது. ஆக, ஒரு நாள் செலவு 680. பேட்டரியின் டிசியை வீட்டுப் பொருட்களுக்கான ஏசியாக மாற்றும்போது போகும் இழப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது வரவு. பேனலின் பின்புற ஸ்டிக்கரில் 100 வாட் என்று இருப்பது ஏறக்குறைய 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் உங்கள் பி.டபிள்யூ.எம் கன்ட்ரோலர் அந்த 5.5 ஆம்பியரைத்தான் பேட்டரிக்குக் கடத்தும். வோல்ட்டேஜ் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எனவே உச்சி வெயிலிலும் கையில் கிடைப்பது 72 வாட் அளவுதான். நாள் முழுவதும் வெயில் அடித்தாலும், முழு வெயிலுக்குச் சமமான நேரம் 5 மணி என்று வைத்தால் 360. உங்களுடையது போன்ற லெட்-ஆசிட் பேட்டரியில் போட்டு எடுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் 290.

தினமும் 390 துண்டு விழுகிறது, மூன்று நாளில் 1170. பேட்டரியின் முழுக் கொள்ளளவு 1200 வாட்-ஹவர், கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. மூன்றாம் நாள் ராத்திரி நிற்பது இப்போது புரிகிறதா?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேறு எதையும் மாற்றாமல் இன்னொரு பேனல் மட்டும் போட்டால் வரவு 580 ஆகும். செலவு 680. அப்போதும் நிற்கும், என்ன, இன்னும் சில நாள் கழித்து நிற்கும். காசைப் போட்டும் தீரவில்லையே என்ற எரிச்சல்தான் மிஞ்சும். எனவே முதலில் இன்வெர்ட்டரை முடிந்தவரை ஒதுக்குங்கள், பேனலை அதற்குப் பிறகு வாங்குங்கள்.

ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பல ரவுட்டர்களில் 12 வோல்ட் டிசி என்றுதான் போட்டிருக்கும். அப்படியென்றால் பேட்டரியிலிருந்தே ஓட்டலாம். நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள், சார்ஜ் ஆகும் நேரத்தில் பேட்டரி 14.4 வோல்ட் வரை ஏறும். இடையில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்று வையுங்கள். பல்புகளை 12 வோல்ட் டிசி வகைக்கு மாற்றுங்கள். விசிறி ஏசியில் மட்டும் ஓடும் என்றால் அது சுற்றும் 6 மணி நேரத்துக்கு மட்டும் இன்வெர்ட்டரைப் போடுங்கள். சும்மா போகும் செலவு 240-லிருந்து 60-ஆகக் குறைந்துவிடும். மொத்தச் செலவு 500 சொச்சம். இப்போது இரண்டாவது பேனலோடு 580 வரவு என்றால் வண்டி ஓடும். மேகமூட்ட நாளுக்குக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

உங்கள் இன்வெர்ட்டர் சும்மா எவ்வளவு எடுக்கிறது என்று அளக்க, டிசி அளக்கும் க்ளாம்ப் மீட்டர் வேண்டும். விலை குறைந்தவற்றில் பல ஏசியை மட்டுமே அளக்கும், பார்த்து வாங்குங்கள்.

புதிய பேனலை பழையதோடு பேரலலாக, அதாவது பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று இணைக்க வேண்டும். மின்னோட்டம் 11 ஆம்பியர் ஆவதால் 10 ஆம்பியர் கன்ட்ரோலர் போதாது, 20 ஆம்பியர் வாங்குங்கள். பேனலின் கூடுதல் வோல்ட்டேஜை வீணாக்காமல் மின்னோட்டமாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி கன்ட்ரோலர் வாங்கலாமா என்று தோன்றும். நல்லதுதான், ஆனால் இந்த அளவுக்கு அவசரமில்லை.

ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கூரையிலிருந்து கன்ட்ரோலருக்கு 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 11 ஆம்பியர் போனால் வழியிலேயே இரண்டரை வோல்ட் காணாமல் போகும். கடும் வெயிலில் பேனலின் செல்கள் 65 டிகிரி வரை சூடாகும்போது அந்த 18 வோல்ட்டே 15 அளவுக்கு இறங்கிவிடும். அதிலும் இரண்டரை போனால் பேட்டரி முழுதாக நிரம்பவே நிரம்பாது. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு.

அப்புறம் ஃபியூஸ். நீங்கள் எழுதிய பட்டியலில் அது இல்லாதது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒருமுறை நட்டு முடுக்கும்போது என் கையிலிருந்த ஸ்பேனர் வழுக்கி இரண்டு டெர்மினலையும் தொட்டது. ஒரு நொடிகூட இருக்காது. ஸ்பேனரின் ஓரம் பட்டாணி அளவு உருகிப் போயிருந்தது. இந்த அளவு பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயலாம். பாசிட்டிவ் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே, முடிந்தால் ஒரு சாண் தூரத்துக்குள், கன்ட்ரோலர் ஒயருக்கு 30 ஆம்பியரும் இன்வெர்ட்டர் ஒயருக்கு 60 ஆம்பியரும் தனித்தனியாக டிசி ஃபியூஸ் போடுங்கள். ரவுட்டருக்கும் பல்புக்கும் போகும் மெல்லிய ஒயருக்கு 5 ஆம்பியர் போதும். ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை காலியாகிக் காலியாகி பேட்டரி அடி வாங்கியிருக்கும். முழுதாகச் சார்ஜ் செய்து, எல்லாவற்றையும் கழற்றி, ஒரு ராத்திரி சும்மா விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6, 12.7 இருந்தால் தைரியமாக மேலே செலவு செய்யலாம். முழு சார்ஜுக்குப் பிறகும் 12.2 என்று நின்றால், பேனலுக்கு வைத்த காசைப் பேட்டரிக்கு ஒதுக்குங்கள்.

புதிய கன்ட்ரோலரை மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.