ரங்கூன் கார்டும் ரவிவர்மா லட்சுமியும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் பழைய படக் கார்டுகள் ஒரு கட்டு மலிவாகக் கிடைத்தது. ரங்கூன் தெரு, கண்டி, சிங்கப்பூர் துறைமுகம், நடுவே ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும். எல்லாமே நூறு வருஷத்துச் சரக்கு என்றார் கடைக்காரர். லட்சுமி கார்டு மட்டும் நேற்று அச்சடித்ததுபோல் இருக்கிறது. எது பழசு, எது மறுஅச்சு என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? பூச்சி அரிக்காமல் இருக்க லேமினேட் செய்துவிடலாமா? பெரிய செலவு செய்ய வசதியில்லை.

மெ.க., தேவகோட்டை

அன்புள்ள மெ.க.,

முதலில் லேமினேஷன் யோசனையை விட்டுவிடுங்கள். சூட்டில் உருகும் பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. உங்கள் கட்டில் அசல் போட்டோ கார்டு, அதாவது அச்சகத்தில் அடிக்காமல் போட்டோத் தாளிலேயே எடுத்தது, இருந்தால் அதன் மேல்பூச்சு ஜெலட்டின். அதுவும் சூட்டில் கெடும்.

கார்டைக் கையில் எடுத்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுக்கோடு இல்லாமல் முழுப் பக்கமும் முகவரிக்கே விடப்பட்டிருந்தால் அது பழைய அமைப்பு. பின்பக்கத்தில் பாதியைச் சேதிக்கு ஒதுக்க பிரிட்டன் 1902-லும் அமெரிக்கா 1907-லும் அனுமதித்தன. அதற்குமுன் படத்தின் ஓரத்தில்தான் நுணுக்கி எழுதினார்கள். ஆகவே படத்தின்மேல் மைக் கிறுக்கல் இருக்கிறதே என்று அந்தக் கார்டைக் கழித்துவிட வேண்டாம். ‘ஜெர்மனியில் அச்சானது’ என்ற ஆங்கில வரி இருந்தால் பெரும்பாலும் 1914 போருக்கு முந்தியது. விலை நயா பைசாவில் போட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வெளியிட்டவர் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. அதை நூறு வருஷம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வெளியிட்டவர் பெயரும் உதவும். ரங்கூன் கார்டுகளில் டி.ஏ. அகூஜா, பிலிப் கிளியர் பெயர்களையும், கண்டிப் படங்களில் கொழும்பு பிளேட்டே கம்பெனியையும், சிங்கப்பூரில் ஜி.ஆர். லாம்பர்ட்டையும் தேடுங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இவை வருவதில் வியப்பில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவர்கள் அனுப்பியவை. தபால்தலையும் நல்ல சாட்சி. பர்மா 1937 ஏப்ரலில்தான் இந்தியாவிலிருந்து பிரிந்தது. ரங்கூனில் போட்ட கார்டில் வெறும் இந்தியத் தலை இருந்தால் அதற்கு முந்தியது. தலையின்மேல் ‘பர்மா’ என்று ஆங்கிலத்தில் அச்சு ஏற்றியிருந்தால் அதற்குப் பிந்தியது. தலையை உரித்துத் தனியாக விற்றுவிட்ட கார்டுக்குத் தேதியே போய்விட்டது, பாதி விலைக்குக் கேளுங்கள். நீங்களும் தலையை உரிக்காதீர்கள்.

அடுத்தது லென்ஸ். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் வைத்துக்கொள்கிறாரே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் போதும். லட்சுமி கார்டை அதில் பாருங்கள். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் நடந்தது கல்லச்சு. நிறத்துக்கு ஒரு கல். அந்த அச்சில் புள்ளிகள் மணல் இறைத்ததுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கும். இன்றைய ஆப்செட்டில் நாலு நிறப் புள்ளிகளும் வரிசை பிசகாமல் சின்னச் சின்ன வட்டங்களாக நிற்கும். இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஒழுங்கான புள்ளி அச்சு அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது, அகூஜாவின் வண்ணக் கார்டுகளிலும் உண்டு. அதனால் படத்தை விட்டு எழுத்துக்கு வாருங்கள். அசலில் படத்தலைப்பின் எழுத்து ஒரே மையில் திட்டமாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தின் ஓரமே புள்ளியாக உடைந்திருக்கும். மூலையில் மடிப்போ கறையோ தெரிந்தால் விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படாத மடிப்பு, மறுஅச்சில் படமாக வந்த மடிப்பு.

அசல் போட்டோவில் லென்ஸ் வைத்தாலும் புள்ளி இருக்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இருண்ட பகுதிகளின் ஓரத்தில் நீலச் சாயலோடு வெள்ளி மினுமினுப்பு பல கார்டுகளில் தெரியும். அது படத்திலுள்ள வெள்ளி மேலே வந்து படிந்தது; துடைக்கக் கூடாது.

சந்தேகம் தீராவிட்டால் கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் பின்பக்கத்தைக் காட்டுங்கள். காகிதத்தை வெளுப்பாக்கும் ஒளிரும் வேதிப்பொருள் 1950-ஐ ஒட்டித்தான் பரவியது. ஏ4 தாள்போல் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் நூறு வருஷப் பேச்சு முடிந்தது. ஒளிரவில்லை என்பதற்காக மட்டும் பழசென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அது ஒளிராத புதுக் காகிதமாகவும் இருக்கலாம்.

லட்சுமி மறுஅச்சு என்றே தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். படத்துக்காகச் சேர்ப்பவருக்கு அதுவும் நல்ல கார்டுதான். பின்னால் மென்மையான பென்சிலில் ‘மறுஅச்சு’ என்று எழுதித் தனியாக வையுங்கள். படம்தான் வேண்டும் என்றால் நீங்களே மறுஅச்சு போட்டுக்கொள்ளவும் வழியுண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 முதல் காப்புரிமை தீர்ந்த தன் படங்களை இலவசமாக எடுத்துக்கொள்ள விடுகிறது. 1800-க்கு 1200 பிக்சல் இருந்தால் 6-க்கு 4 அங்குலக் கார்டு தெளிவாக வரும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள, பளபளப்பில்லாத மேட் அட்டையில் போடச் சொல்லுங்கள். அசல் வாங்கும்போது மூலை மடங்கியதையே தேர்ந்தெடுங்கள். விலை குறையும், பின்பக்கத்துத் தகவல் குறையாது.

பாதுகாப்புக்கு ஒவ்வொரு கார்டுக்கும் பாலிப்ரொப்பிலீன் உறை. பழைய கார்டு பெரும்பாலும் 3½-க்கு 5½ அங்குலம். கால் அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். பிளாஸ்டிக் வாடை அடிக்கும் தொளதொள பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் படத்தில் ஒட்டும். பசைப்பக்க ஆல்பமும் செலோடேப்பும் அதே வினைதான். உறையிட்ட கார்டுகளை அட்டைப்பெட்டியில் செங்குத்தாக, சாயாத அளவுக்கு நிறுத்தி, உள்ளறை மர பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். முற்றத்துச் சாரல் எட்டும் இடமும், ஐப்பசி கார்த்திகையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் ஆகாது. வசம்பைத் துணியில் முடிந்து பீரோவில் போடலாம், பெட்டிக்குள் வேண்டாம். அதன் எண்ணெய் கறையாகும். அந்துருண்டையையும் தவிருங்கள். காகிதத்திலுள்ள கஞ்சிப்பசையும் ஜெலட்டினும் வெள்ளிப்பூச்சிக்குத் தீனி. மேல்தோல் சுரண்டியதுபோல் தெரிந்தால் அந்தக் கார்டைப் பிரித்து வைத்து, மெல்லிய பிரஷால் தட்டிவிட்டுப் பெட்டியை முழுக்கச் சோதியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கட்டைக் கலைக்காதீர்கள். ஒரே கையெழுத்து, ஒரே முகவரி உள்ளவற்றைத் தபால் முத்திரைத் தேதிப்படி அடுக்குங்கள். எந்த ஊர் வீட்டுச் சாமானோடு வந்தது என்று கடைக்காரரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் அவருக்கே நினைவிருக்காது. ரங்கூன் 1942 மார்ச்சில் ஜப்பானியர் வசம் போனது. உங்கள் அடுக்கில் கடைசிக் கார்டு எந்த மாதத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு கார்டுகள் முகத்தோடு முகம் ஒட்டியிருந்தால் இழுக்கவும் வேண்டாம், நீராவி காட்டவும் வேண்டாம். அப்படியே ஒரே உறையில் போட்டு வையுங்கள்.