புதிய கூண்டுக்கு மாற்றிய கோழிகள் மாலையில் உள்ளே அடைய மறுக்கின்றன. அவற்றை எப்படிப் பழக்குவது?

குடும்பப் பண்ணையில் புதிதாகக் கூண்டு கட்டிக் கோழிகளை மாற்றிய பின்னர், பொழுது சாய்ந்ததும் அவை பழைய கூண்டு இருந்த இடத்துக்கோ ரம்புத்தான் மரத்துக்கோ போய்விடுகின்றன என்றும், முட்டையும் ஏறக்குறைய நின்றுவிட்டது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் குடும்ப நிலத்தில் நீண்ட காலமாகக் கம்பத்துக் கோழிகள் எனப்படும் நாட்டுக்கோழிகளையும் சில முட்டைக் கோழிகளையும் வளர்த்து வருகிறோம். அந்தப் பழக்கத்தில் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: கூண்டுக்குள் போக மறுக்கும் கோழியை அடங்காத கோழி என்று எண்ணாதீர்கள். அது மறுப்பதற்குப் பெரும்பாலும் தக்க காரணம் இருக்கும், அந்தக் காரணம் கூண்டிலேயே இருக்கும். ஆகவே கோழியைப் பழக்குவதற்கு முன்னர் கூண்டைச் சோதித்துப் பாருங்கள்.

கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி நம் நாட்டுக் காட்டோரங்களிலும் செம்பனை வரிசைகளுக்கு இடையிலும் இன்றும் மேய்வதைக் காணலாம். பகலெல்லாம் தரையைக் கிளறித் தின்றுவிட்டு, வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் கிளையேறி அடைவது அதன் வழக்கம். வீட்டுக் கோழிக்கும் இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்பதால், இருள் கவிவதற்கு முன்னரே உயரமான, காற்றோட்டமுள்ள, முந்தைய இரவு எந்தக் கேடும் நேராத இடத்தைத் தேடிப் போகிறது. இந்த மூன்றிலும் உங்கள் கூண்டைவிட ரம்புத்தான் கிளை மேலானதாக இருந்தால், கோழி கிளையைத்தான் நாடும்.

நம் ஊர்க் கூண்டுகளில் நான் அதிகம் காணும் குறை வெப்பம்தான். குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் பார்த்து, நான்கு பக்கமும் பலகை அடித்து, சிறிய சன்னல் ஒன்று வைத்து, தாழ்வாகத் தகரக் கூரை போட்டுவிடுகிறார்கள். அந்த நாடுகளில் பனிக்காற்றைத் தடுக்க வேண்டியிருக்கிறது; இங்கே தடுக்க வேண்டியவை வெயிலும் மழைச்சாரலும் மட்டுமே. நம் தாழ்நிலப் பகுதிகளில் நண்பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியஸ் வரை ஏறுவது வழக்கமானது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் அது வாயைத் திறந்து இரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும், அதுவும் நம்முடையதைப் போன்ற ஈரக்காற்றில் முழுப் பயனைத் தருவதில்லை. மாலை 7 மணிக்குக் கூண்டின் கதவைத் திறந்து, கோழிகள் ஏறி உறங்கும் குறுக்குக்கட்டை இருக்கும் உயரத்தில் உங்கள் முகத்தை வைத்துச் சிறிது நேரம் நின்று பாருங்கள். பகல் முழுவதும் காய்ந்த தகரத்தின் அனல் உங்கள் முகத்தில் அடித்தால், அங்கே இரவைக் கழிக்கக் கோழி ஏன் விரும்பவில்லை என்பது விளங்கிவிடும்.

இதற்குச் செலவு மிகுந்த தீர்வு தேவையில்லை. கூரையை ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு உயர்த்தி, தகரத்தின் மேல் அத்தாப்பு ஓலையோ தென்னங்கீற்றோ பரப்பி, எதிரெதிரான இரண்டு பக்கங்களையாவது பலகையின்றிக் கம்பி வலையாக விட்டுவிட்டால் போதும். சாரல் அடிக்கும் பக்கத்தில் கூரை நன்றாக நீண்டிருக்க வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை, கூண்டின் தரையை நனைத்தால் இரத்தக் கழிச்சலுக்கு அதுவே வழிவிடும். மலாய்க்காரர்கள் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டும் ரெபான் என்னும் கோழிக்கூண்டுகளைக் கவனித்திருப்பீர்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரமும், எச்சம் கீழே விழும்படி இடைவெளி விட்ட சட்டத் தரையும் கொண்ட அந்த அமைப்பே நம் மழைக்கும் வெப்பத்துக்கும் மிகவும் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்துக் குறுக்குக்கட்டையைப் பாருங்கள். அது முட்டைப் பெட்டிகளைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோழிகள் பெட்டியிலேயே உறங்கி அதை எச்சத்தால் நிரப்பிவிடும். ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் வேண்டும். கட்டையின் அகலம் நான்கு ஐந்து சென்டிமீட்டராகவும், விளிம்புகள் மழுக்கப்பட்டும் இருந்தால் கோழியின் கால் அதை இயல்பாகப் பற்றிக்கொள்ளும். வழவழப்பான குழாயும் பச்சை மூங்கிலும் வேண்டாம். பழைய கூண்டின் கட்டை கோழிக்குப் பழகியது என்று எண்ணி அதைப் பெயர்த்துக் கொண்டுவராதீர்கள். பகலில் மரப் பிளவுகளில் ஒளிந்திருந்து இரவில் வெளிவந்து இரத்தம் குடிக்கும் செள்ளுப்பூச்சிகளும் அந்தக் கட்டையோடு குடிவந்துவிடும். பழைய இடத்தின் நினைவைத் தர வேண்டுமென்றால், தீனித்தட்டையும் தண்ணீர்க் கலத்தையும் கழுவிக் கொண்டுவந்து வையுங்கள்.

கூண்டு சரியாக அமைந்த பிறகு, கோழிகளை இரவில் மாற்றுங்கள். நம் பகுதியில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில் மறைகிறது. நன்றாக இருட்டிய பின்னர், 8.30 மணிவாக்கில், அடைந்திருக்கும் கோழிகளை ஒவ்வொன்றாக, இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து எடுத்துப் புதிய கட்டையின் மேல் வைத்துவிட வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்கிச் செல்லும் பழக்கம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது; அது கோழிக்குப் பெரும் துன்பம், தயவுசெய்து வேண்டாம். எல்லாக் கோழிகளையும் அதே இரவில் மாற்றுவது முக்கியமானது. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே 1921-ஆம் ஆண்டில் விளக்கிய கொத்தும் வரிசை, அதாவது எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தலாம் என்னும் மேல்கீழ் ஒழுங்கு, ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. பாதியை இன்றும் பாதியைச் சில நாள் கழித்தும் கொண்டுவந்தால், முதலில் வந்தவை இடத்தைத் தமதாக்கிக்கொண்டு பின்னால் வருபவற்றைக் கட்டையில் ஏறவிடாமல் விரட்டும். தீனியையும் தண்ணீரையும் இரண்டு இடங்களில், ஒரே கோழி இரண்டையும் காவல் காக்க முடியாத தூரத்தில் வைத்தால் சண்டை வெகுவாகக் குறையும்.

இந்த மாற்றத்தோடு வெளியிலிருந்து வாங்கிய புதுக் கோழிகளையும் சேர்த்துவிடாதீர்கள். அவற்றை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்து, வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்பதையும் அறிந்துகொண்டு சேர்ப்பதே நல்லது. அடைகாக்கும் கோழி இருந்தால், 21 நாள் முடிந்து குஞ்சு பொரிக்கும்வரை அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த காலத்தில் எங்கள் பாட்டி வெளியிலிருந்து கொண்டுவந்த கோழியைப் பஞ்சாரத்தால் கவிழ்த்து வைத்து, இரையையும் நீரையும் அதற்குள்ளேயே கொடுத்து, சில நாள் கழித்து ஒரு மாலை வேளையில்தான் முதன்முறையாகத் திறந்துவிடுவார் என்று அம்மா சொல்வார். கூண்டுக்குப் பழக்குவதும் இதே முறைதான். மாற்றிய இரவிலிருந்து ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை கோழிகள் உள்ளேயே இருக்கட்டும். ஒரு கோழிக்கு நான்கு சதுர அடியாவது இடமும், நிழலும், ஓயாத காற்றும் இருந்தால்தான் இப்படி அடைத்து வைக்கலாம். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும், கடும் வெயிலில் அதைப் போல இரு மடங்கும் குடிக்கும். ஆகவே கலம் காலியாக இருக்கும் வேளை ஒன்றுகூட வரக் கூடாது. பப்பாளி இலை, கங்கோங் கீரை போன்றவற்றைக் கட்டித் தொங்கவிட்டால், வேலையின்றி ஒன்றையொன்று கொத்தும் போக்கு தணியும்.

முதல் திறப்பு மாலையில், இருட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னர் நிகழ வேண்டும். கூண்டைச் சுற்றிக் கிளறுவதற்கு மட்டுமே நேரம் இருக்கும், தொலைவில் போய்ப் பழைய வழியைத் தேட நேரம் இருக்காது. அடுத்தடுத்த நாள்களில் திறக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவாருங்கள். நாளின் கடைசி இரையை எப்போதும் கூண்டுக்குள்ளேயே, ஒரே அழைப்புச் சத்தத்தோடு போடுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெளியே வெளிச்சம் இருக்கும்போதே கூண்டின் உட்புறம் இருண்டுவிடுகிறது, இருண்ட வாயிலுக்குள் நுழையக் கோழி அஞ்சும். முதல் சில வாரங்களுக்கு மாலை 6.45 மணிக்கு உள்ளே மங்கலான ஒரு விளக்கை ஏற்றிவைத்து, எல்லாம் கட்டையில் ஏறியதும் அணைத்துவிடுங்கள். சூரிய ஒளியில் இயங்கும் சிறு விளக்கே போதுமானது. மரத்தை நாடிய பல கூட்டங்கள் இந்த ஒன்றினாலேயே உள்ளே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய கூண்டு இன்னும் நின்றால் அதைப் பிரித்துவிடுங்கள், அல்லது வாயிலை முழுமையாக அடைத்துவிடுங்கள். அது கண்ணில் படும்வரை சில கோழிகள் அங்கேயே போய் நிற்கும்.

முட்டைப் பண்ணைகளில் கழித்து விற்கும் செந்நிறக் கோழிகள் உங்களிடம் இருந்தால், அவற்றுக்குத் தனிப் பொறுமை வேண்டும். பெரும்பாலும் கம்பிக் கூண்டிலேயே வளர்ந்த அவற்றுக்குக் கட்டையில் ஏறவே தெரியாது. மூலையில் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடக்கும், அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகவும் கூடும். ஒவ்வோர் இரவும் அவற்றைத் தூக்கிக் கட்டையில் வைத்து வாருங்கள். முதலில் தாழ்ந்த ஒரு கட்டையையும் வைத்தால் விரைவில் கற்றுக்கொள்ளும்.

முட்டை குறைந்ததைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ ஒரு முழு நாள் தேவைப்படுகிறது, அதில் 20 மணி நேரம் ஓடு படிவதற்கே போகிறது. அச்சமும் வெப்பமும் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். இடம் மாறிய கோழிகள் இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்புவது வழக்கம். ஐந்து கோழிகளுக்கு ஒன்று என்ற கணக்கில், ஓர் அடி நீள அகலமுள்ள பெட்டிகளைக் கூண்டின் இருண்ட பகுதியில் வைத்து, வைக்கோலோ மரச்சீவலோ பரப்பி, மரத்தாலான போலி முட்டையையோ கோல்ஃப் பந்தையோ ஒவ்வொன்றிலும் போட்டு வையுங்கள். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே முட்டையிடுவதால், முழுநாளும் வெளியே விடத் தொடங்கிய பிறகும் முதல் சில வாரங்களுக்குக் காலை 10 மணி வரை கதவைத் திறக்காதீர்கள்.

அப்படியும் முட்டை வரவில்லையென்றால், கோழிகள் வேறிடத்தில் ஒளித்து இடுகின்றன என்று கொள்ளலாம். தோட்டத்தை ஒட்டி வாழும் நமக்கு இது ஆபத்தான செய்தி. வெட்டிய செம்பனை மட்டைகளை வரிசைகளுக்கு இடையே குவித்து வைப்பார்களே, அந்தக் குவியல்கள் கோழிக்கு மிகவும் பிடித்தமான மறைவிடம். எலிகளுக்கும், எலிகளைத் தேடி வரும் நாகத்துக்கும் அதுவே இருப்பிடம். முட்டை தேடி மட்டைக்குள் கையை விடாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். நீண்ட கழியால் விலக்கிப் பார்த்து, பிறகு எடுங்கள். தீனி மூட்டையை மூடியுள்ள பீப்பாயில் வைத்தால் எலியும் அதைத் தொடர்ந்து பாம்பும் கூண்டை நெருங்குவது குறையும்.

பகலில் உடும்பும், இரவில் மலைப்பாம்பும் மரநாயும் வரக்கூடிய இடம் நம்முடையது. கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பி, கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர இவற்றைத் தடுக்காது. 12 மில்லிமீட்டர் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையே நம்பத்தக்கது. இரவில் ஒருமுறை பாம்பு புகுந்த கூண்டில் கோழிகள் பிறகு எளிதில் அடைவதில்லை. உங்கள் கோழிகள் முதலில் ஒழுங்காக அடைந்து, பின்னர் ஓர் இரவிலிருந்து திடீரென மறுக்கத் தொடங்கியிருந்தால், முதலில் ஓட்டைகளையும் கூரை இடுக்குகளையும் தேடிப் பாருங்கள். அதே போல, இரவு 9 மணிக்கு மேல் கைவிளக்கோடு போய், ஒரு வெள்ளைத் தாளைக் கட்டையின் அடியில் தேய்த்துப் பாருங்கள். தாளில் சிவப்புக் கோடுகள் விழுந்தால் செள்ளுப்பூச்சி இருக்கிறது என்று பொருள், கட்டைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, பிளவுகளை அடைத்துத்தான் திரும்பப் பொருத்த வேண்டும்.

இவையெல்லாம் செய்த பிறகும் ஒன்றிரண்டு கோழிகள் மரத்தையே நாடலாம். கல்லெறிந்தோ கழியால் தட்டியோ அவற்றை இறக்காதீர்கள், அது மேலும் உயரத்துக்கே விரட்டும். இருட்டிய பின்னர் ஏணி வைத்து அமைதியாக எடுத்துக் கூண்டில் விடுங்கள். தொடர்ந்து பல இரவுகள் செய்தால் பெரும்பாலானவை திருந்திவிடும். கிளை எட்டாத உயரத்தில் இருந்தால், ஓர் இறக்கையின் நீண்ட பறப்பு இறகுகளை மட்டும், இரத்தம் ஓடும் முளையிறகுகளைத் தவிர்த்து, பாதியளவு கத்தரித்து விடலாம். நகம் வெட்டுவதைப் போல அது வலிக்காது, அடுத்த இறகுதிர்ப்பில் மீண்டும் முளைத்துவிடும். ஆனால் பகலில் நாய்கள் திரியும் நிலமாக இருந்தால் இறகைக் கத்தரிக்க வேண்டாம். தப்பிப் பறப்பதற்கு அந்தக் கோழிக்கு அது தேவைப்படும். அப்படிப்பட்ட இடத்தில், மரத்தில் அது ஏறும் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுவதே போதுமான வழி.