14-ஆம் நாள் எல்லோருக்கும் பொதுவானதா?

கேள்வி: எனக்கு வயது 29. ஏழு மாதங்களாகக் குழந்தைக்கு முயன்று வருகிறோம். மாதவிடாய் 34 முதல் 36 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. கைபேசிச் செயலி 14-ஆம் நாளைக் கருமுட்டை வெளிவரும் நாளாகக் காட்டுவதால், 12 முதல் 15-ஆம் நாள் வரை தவறாமல் சேர்ந்திருக்கிறோம். 18 முதல் 20-ஆம் நாள் வரை கண்ணாடி போன்ற, வழவழப்பான வெள்ளைப்படுதல் ஏற்படுகிறது. நோய்த்தொற்றாக இருக்குமோ என்று பயந்து அந்த நாட்களில் உறவைத் தவிர்த்துவிடுகிறேன். உட்புறத்தையும் திரவம் கொண்டு கழுவிக்கொள்கிறேன். 21-ஆம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீர் (ஹார்மோன்) குறைவு என்று வந்துள்ளது. எனக்குக் கருமுட்டை வெளிவரவே இல்லையா?

பதில்: நோய் என்று நீங்கள் அஞ்சும் அந்த வழவழப்புதான், ஏழு மாதங்களாக நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அறிகுறியாக இருப்பதற்குப் பெரும் வாய்ப்பு உள்ளது. உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை வைத்தே இதை விளக்க முடியும் என்பதால், அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மாதவிடாய்ச் சுழற்சிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் சினைப்பையில் ஒரு முட்டை முதிர்கிறது. அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது பெண்ணுக்குப் பெண், சில வேளைகளில் ஒரே பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் மாறுபடும். முட்டை வெளிவந்த பிறகு தொடங்கும் இரண்டாம் பகுதியோ பெரும்பாலான பெண்களுக்கு ஏறத்தாழ 12 முதல் 16 நாட்களுக்குள் முடிந்து, அடுத்த மாதவிடாய் தொடங்கிவிடுகிறது. ஜப்பானைச் சேர்ந்த கியூசாக்கு ஒகினோவும் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்மன் க்னாஸும் 1920-களில் தனித்தனியாகக் கண்டறிந்தது இதைத்தான். அதாவது 14 என்ற எண்ணை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சுழற்சி சரியாக 28 நாட்களாக இருப்பவர்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் கணக்கு ஒன்றாகவே வருவதால், முன்னோக்கி எண்ணும் பழக்கம் நிலைத்துவிட்டது. உங்கள் சுழற்சி 35 நாட்கள் என்று கொண்டால், முட்டை வெளிவருவது 19 முதல் 23-ஆம் நாளுக்குள், பெரும்பாலும் 21-ஐ ஒட்டி இருக்கும்.

வெளிவந்த முட்டை கருவுறத் தக்க நிலையில் 12 முதல் 24 மணி நேரம் மட்டுமே இருக்கும். விந்தணுக்களோ சாதகமான சூழல் கிடைத்தால் 5 நாட்கள் வரை உயிருடன் காத்திருக்கும். அமெரிக்காவில் 221 பெண்களிடம் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வில், பதிவான கருத்தரிப்புகள் யாவும் முட்டை வெளிவரும் நாளில் முடியும் ஆறு நாட்களுக்குள் கொண்ட உறவினாலேயே நிகழ்ந்திருந்தன. உங்கள் கணக்கில் அந்த ஆறு நாட்கள் ஏறத்தாழ 16 முதல் 21 வரை. நீங்கள் சேர்ந்திருந்த நாட்கள் இந்த வாசலுக்குச் சற்று முன்னரே முடிந்துவிடுகின்றன. வாசல் திறந்திருக்கும் நாட்களிலோ பயத்தால் விலகி இருக்கிறீர்கள்.

இப்போது அந்த வழவழப்புக்கு வருவோம். முட்டை முதிர முதிர ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீரின் அளவு உயர்கிறது. அதற்கேற்பக் கருப்பை வாயில் சுரக்கும் சளியும் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. மாதவிடாய் நின்ற சில நாட்களுக்குப் பெரும்பாலும் வறட்சியாக இருக்கும். பின்னர் பசை போல, இழுத்தால் உடனே அறுந்துவிடும் வெண்ணிறக் கசிவு தோன்றும். அது மெல்ல மெல்ல நெகிழ்ந்து, கடைசியில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் தெளிவாகிவிடும். கைகளை நன்றாகக் கழுவிய பின் இதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள்: அறுந்துபோகாமல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு நூல் போல நீளும். இதையே ஒரு கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பெரணி இலைகளைப் பரப்பி வைத்ததுபோல் கிளை கிளையாகப் படிகங்கள் தெரியும். பலமுறை பார்த்த பிறகும் எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது. பெண்ணுறுப்பின் அமிலத் தன்மையில் விந்தணுக்கள் சில மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை; அவற்றைக் காத்து, கருப்பைக்குள் செல்ல வழிவிடுவது இந்தச் சளிதான். முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் அதைத் தடிப்பாக்கி வழியை அடைத்துவிடும். வழவழப்பு தெரியும் கடைசி நாளை ஒட்டி, முன்னே பின்னே ஓரிரு நாட்களுக்குள் முட்டை வெளிவந்துவிடுகிறது. உங்களுக்கு அது 20-ஆம் நாளில் நிற்கிறது. 35-ஐ ஒட்டி மாதவிடாய் வருகிறது. இடைப்பட்ட 15 நாட்களும் மேலே சொன்ன அளவுக்குள் பொருந்துகின்றன.

ஆகவே உட்புறம் கழுவுவதை இன்றே நிறுத்துங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பெண்ணுறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளக்கூடியது. உள்ளே திரவங்களைச் செலுத்துவது அங்கே வாழும் நன்மை தரும் நுண்ணுயிரிகளைக் குலைத்து, நீங்கள் அஞ்சும் நோய்த்தொற்றையே வரவழைக்கக்கூடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். அரிப்பு, எரிச்சல், மீன் வாடை போன்ற துர்நாற்றம், தயிர்த் திப்பி போன்ற கட்டிகள், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மட்டுமே அதை நோயாகக் கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்களைக் கலங்கவைத்த பரிசோதனை முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரோஜெஸ்டிரோன் முட்டை வெளிவந்த பிறகே உயரத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் உச்சத்தை அடைகிறது. அதனால்தான் 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21-ஆம் நாள் இரத்தம் எடுக்கிறார்கள். உங்களுக்கோ அந்த நாள் முட்டை வெளிவரும் தருணமாகவே இருந்திருக்கக்கூடும். அன்று அளவு குறைவாக இருப்பதில் வியப்பில்லை. அடுத்த மாதவிடாய் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு ஏழு நாட்கள் முன்னதாக, அதாவது 28-ஆம் நாளை ஒட்டிப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த முடிவு வரும்வரை, முட்டை வெளிவரவில்லை என்ற முடிவுக்கு யாரும் வர முடியாது.

அடுத்த மாதம் முதல் 14-ஆம் நாளிலிருந்து 22-ஆம் நாள் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதுமானது. வழவழப்பு தெரியும் நாட்களை மட்டும் தவறவிடாதீர்கள். முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். என்ற இயக்குநீரின் அளவைக் காட்டும் சிறுநீர்ப் பட்டைகளைப் பயன்படுத்த விரும்பினால் 15-ஆம் நாளில் தொடங்குங்கள். அந்த இயக்குநீர் பெருகத் தொடங்கியதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்துக்குள் பொதுவாக முட்டை வெளிவரும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்தப் பட்டைகள் தவறாகவும் காட்டலாம். காலையில் எழுந்தவுடன் பார்க்கும் உடல் வெப்பம் முட்டை வெளிவந்த பிறகே 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்வதால், நடந்ததை உறுதி செய்வதற்கு மட்டுமே அது பயன்படும். குழந்தையைத் தள்ளிப்போட விரும்புபவர்கள் இந்த நாள் கணக்கை மட்டும் நம்பிவிட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையெனில் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய், கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள், பல பெண்கள் கர்ப்பத்தை அறியும் முன்பே மூடிவிடுகிறது.

35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓராண்டு முயன்ற பிறகும், 35-ஐக் கடந்தவர்கள் ஆறு மாதங்களுக்குப் பிறகும் முழுப் பரிசோதனைக்குச் செல்வது வழக்கம். சரியான நாட்களில் முயன்றும் இன்னும் ஐந்து மாதங்களில் கரு தங்காவிட்டாலோ, அதற்கு முன்பே சுழற்சி மேலும் நீண்டாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டும், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற இயக்குநீரும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பார்கள். வழவழப்பு தோன்றிய நாட்களையும் மாதவிடாய்த் தேதிகளையும் குறித்து வைத்த தாளை உடன் எடுத்துச் செல்லுங்கள். அன்றைக்கே கணவருக்கும் விந்துப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அந்த எளிய பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அதுவரை பெண்ணை மட்டும் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அலையவிடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.