46 வயதில் பீரியட்ஸ் தாறுமாறாக வருகிறது, ராத்திரி வியர்த்துக் கொட்டித் தூக்கம் போகிறது, ஹார்மோன் டெஸ்ட் மட்டும் நார்மல் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

டெஸ்ட் நார்மல் என்று வந்ததும் "எல்லாம் டென்ஷன்தான்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லும் அத்தனையும் பெரிமெனோபாஸில் வருபவைதான். மாதவிடாய் ஒரேயடியாக நிற்பதற்கு முந்தைய வருடங்களுக்குத்தான் அந்தப் பெயர். பலருக்கு நாற்பதுகளின் நடுவில் தொடங்கும். நாலு வருடம் என்பது ஒரு சராசரி. எட்டு, பத்து வருடம் இழுப்பதும் உண்டு.

உங்களுக்கு எடுத்தது எஃப்எஸ்ஹெச் டெஸ்டாகத்தான் இருக்கும், சினைப்பையைத் தூண்ட மூளையிலிருந்து வரும் ஹார்மோன் அது. 45 வயதுக்கு மேல், அறிகுறிகள் இருக்கும்போது, பெரிமெனோபாஸா என்று பார்க்க அந்த டெஸ்ட் தேவையில்லை என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. காரணம் எளிது. சினைப்பையில் மிஞ்சியிருக்கும் முட்டைகள் ஒரு மாதம் மூளையின் சொல் கேட்கும், ஒரு மாதம் கேட்காது. அதனால் எஃப்எஸ்ஹெச் ஒரு மாதம் 40க்குப் போய், அடுத்த மாதம் 8க்கு இறங்கிவிடலாம். நீங்கள் ஊசி குத்திக்கொண்ட நாளில் அது எங்கே இருந்தது என்பது மட்டும்தான் ரிப்போர்ட்டில் வரும். 45 வயதுக்குக் கீழே என்றால் இந்த டெஸ்டுக்கு வேலை இருக்கிறது. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் விட்டுவிட்டு வந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும், நாலாறு வாரம் கழித்து இன்னொரு முறையும் எடுக்க வேண்டும்.

பணம் செலவழித்து எடுக்க வேண்டியவை வேறு: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பு), தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சர்க்கரை, கொலஸ்ட்ரால். நாள் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும். 46 வயதில் எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம், முட்டை வெளிவரும் மாதங்கள் இன்னும் இருக்கின்றன. தைராய்டு கூடினால் படபடப்பும் வியர்வையும் வரும், குறைந்தால் சோர்வும் அதிக உதிரப்போக்கும் வரும். அதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் வயது தலையில் கட்டுவது தப்பு.

டெஸ்டைவிட உதவுவது ஒரு நோட்டுதான். மூன்று மாதம் எழுதுங்கள். "இன்று உடம்பு சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி இருக்க வேண்டும்: "4ஆம் தேதி, மூன்றாம் நாள். நாப்கின் 7, அதில் 5 முழுக்க நனைந்தது. ரத்தக் கட்டி இரண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ராத்திரி 2.40க்கு வியர்த்து விழிப்பு, 4 மணி வரை தூக்கமில்லை." அடுத்தடுத்த சுழற்சிகளின் இடைவெளி 7 நாளோ அதற்கு மேலோ மாறிக்கொண்டே இருந்தால் பெரிமெனோபாஸின் முதல் கட்டம். நடுவில் 60 நாள் வராமல் போனால் பிந்தைய கட்டம், அங்கிருந்து பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருடத்தில் நின்றுவிடும். முழுதாக 12 மாதம் வராவிட்டால் அது மெனோபாஸ். அதற்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். "மறுபடி பீரியட்ஸ் வந்துவிட்டது போல" என்று இருந்துவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் ஆறப்போடக் கூடாதது உதிரப்போக்கு. முட்டை வெளிவராத மாதத்தில், கர்ப்பப்பையின் உட்சுவரை அளவோடு வைக்கும் ப்ரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காது. அதை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஏறும், சில மாதம் இளவயதில் இருந்ததைவிடவும் கூட. உட்சுவர் தடுப்பாரின்றி வளர்ந்து, தாமதமாக, மொத்தமாகக் கொட்டும். அதனால்தான் இரண்டு மாதம் வராமல் இருந்து, மூன்றாவது மாதம் பத்து நாள் நிற்காமல் போகிறது. மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து நனைந்தால் அன்றைக்கே போங்கள். ரத்தக் கட்டிகள் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, இடைப்பட்ட நாட்களிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டாலோ அந்த வாரமே காட்டுங்கள். ஸ்கேனில் ஃபைப்ராய்டு, பாலிப் போன்ற கர்ப்பப்பைக் கட்டிகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 45க்கு மேல் போக்கு தாறுமாறாக இருந்தால் உட்சுவரில் கொஞ்சம் எடுத்து பயாப்சி அனுப்பச் சொல்வது வழக்கமான நடைமுறை. புற்றுநோய் என்று முடிவுகட்டிச் சொல்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம், அது இல்லை என்று உறுதி செய்யத்தான்.

உதிரப்போக்கைக் குறைக்க எழுதிக் கொடுக்கும் மருந்தில் அதிகம் தவறு நடப்பது டிரனெக்ஸாமிக் ஆசிடில். வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, அதிகம் போகும் நாட்களில் மட்டும், நாலு நாள் வரை. பலர் பயந்து ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போட்டுவிட்டு "கேட்கவே இல்லை" என்கிறார்கள். கேட்காதுதான். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த சரித்திரம் இருந்தால் இதைத் தொடக் கூடாது, மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்டிரல் சாதனம் இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். அது தெரியாமல் இரண்டாவது மாதமே எடுக்கச் சொல்பவர்கள் நிறைய. இதையெல்லாம் முயலாமல் எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை அகற்றிவிடலாம் என்றால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போயிருந்தால் இரும்புச்சத்து மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்று, வயிறு தாங்காவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். டீ, காபி, கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்து எதோடும் சேர்க்க வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். ரிப்போர்ட் சரியானதும் நிறுத்தாதீர்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் பிடிக்கும்.

கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வயதில்தான் பெண்கள் வேலையில் பொறுப்பான இடத்துக்கு வருகிறார்கள். மணிக்கொரு தரம் நாப்கின் மாற்ற வேண்டியவளுக்கு வேலை செய்யும் கட்டடத்தில் ஒரே ஒரு கழிப்பறை, அதற்குப் பூட்டு, சாவி வேறொருவரிடம், உள்ளே குப்பைத் தொட்டி கிடையாது. மூடியுள்ள ஒரு தொட்டியும் உள்தாழ்ப்பாளும் தண்ணீரும் கேட்பது சலுகை கேட்பதாகாது. கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்க நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்கிறார்கள்.

இனி வியர்வை. மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதி ஈஸ்ட்ரோஜன் ஏற்றஇறக்கத்தால் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. கால் டிகிரி ஏறினாலே உடம்பு கொதிக்கிறது என்று எடுத்துக்கொண்டு குளிர்விக்கப் பார்க்கும். நெஞ்சில் கிளம்பி, கழுத்து, முகம், காது வரை ஏறும், இதயம் அடித்துக்கொள்ளும், பிறகு குளிர் நடுக்கம். ஒன்று முதல் ஐந்து நிமிடம். இதுவே படபடப்பு மட்டும் தனியாக, அல்லது நெஞ்சு வலியோடு, மயக்கத்தோடு வந்தால் ஈசிஜி எடுங்கள்.

இதற்கு நன்றாகக் கேட்பது ஹார்மோன் சிகிச்சைதான். மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே வந்து கமெண்ட் எழுதப்போகிறவர்களுக்கு: 2002இல், மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஹார்மோன் சிகிச்சையைச் சோதித்த அமெரிக்காவின் டபிள்யூஹெச்ஐ ஆய்வு வெளிவந்து உலகமே பயந்தது உண்மை. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனும் ப்ரோஜெஸ்டிரோன் போன்ற மருந்தும் சேர்ந்த பழைய வகை மாத்திரை எடுத்தவர்களில் வருடத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு 8 மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அந்த எண்ணை மறைக்க வேண்டியதில்லை, 46 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. 60க்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மை அதிகம். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்த உறைவு வந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்களுக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு வென்லாஃபாக்ஸின், கபாபென்டின் போல ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு.

ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பேட்சாகவும் தடவும் ஜெல்லாகவும் எடுப்பது மாத்திரையைவிட நல்லது, வழக்கமான அளவில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுவதில்லை. பேட்ச் பொதுவாக 25 அல்லது 50 மைக்ரோகிராம். வாரம் இருமுறை மாற்றும் வகை என்றால் இடுப்புக்குக் கீழே, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். லோஷன் பூசிய தோலில் ஒட்டினால் கழன்றுவிடும், மார்பில் ஒட்டவே கூடாது. கர்ப்பப்பை இருப்பவர் ப்ரோஜெஸ்டிரோனை விடவே கூடாது, விட்டால் உட்சுவர் தடித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மி.கி. என்பது வழக்கம். படுக்கும்போது போடுங்கள், தூக்கம் வரவழைக்கும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்தாமல் மூன்று மாதம் பார்த்துவிட்டு அளவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

வியர்வை நின்ற பிறகும் தூக்கம் வராவிட்டால் அது தனிப் பிரச்சினை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து உட்காருங்கள். குறட்டையும் பகலில் கண் சொக்குவதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதனை வேண்டும். எரிச்சலும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், முன்பு மன அழுத்தம் வந்திருந்தால், ஹார்மோன் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

எலும்புத் தேய்மானம் கடைசி மாதவிடாயை ஒட்டித்தான் வேகமெடுக்கும். நடைப்பயிற்சி போதாது, வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி வேண்டும்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது. 50க்கு முன் மாதவிடாய் நின்றால் அதிலிருந்து இரண்டு வருடம், 50க்குப் பின் நின்றால் ஒரு வருடம் கருத்தடையைத் தொடர வேண்டும். மேலே சொன்ன லெவோநார்ஜெஸ்டிரல் சாதனம் 52 மி.கி. வகை என்றால் உதிரப்போக்கு, கருத்தடை, உட்சுவர்ப் பாதுகாப்பு மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், ப்ரோஜெஸ்டிரோன் மாத்திரையும் தேவைப்படாது.