அறுவடைக் காலத்தில் கணினிக்குள் தூசி சேராமல் தடுப்பது எப்படி?

தூசியைக் கணினிக்குள் இழுப்பதே அதன் மின்விசிறிகள்தான். பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ள, மெல்லிய உலோகத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஹீட் சிங்க் அதன்மேல் இருக்கும். தகடுகளின் இடுக்கில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோகும். இடுக்கு அடைத்தால், ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்கால் கதைதான்: தலைமடையில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு வராது. விசிறி இரைந்து சுற்றும். கணினி மந்தமாகும், சில சமயம் தானே அணைந்துவிடும்.

டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் இது அதிகம். நெற்சுணையும் வைக்கோல் தூசும் வீடு வரை வரும். ரைஸ் மில் பக்கத்தில் என்றால் வருஷம் முழுக்க உமித்தூள்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். காற்றை உள்ளிழுக்கும் விசிறிகளுக்கு முன்னால் வலை பொருத்துங்கள். வெளியே தள்ளும் காற்றைவிட உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருக்கட்டும். என் கணக்கில் முக்கியமானது இதுதான். அப்போது மற்ற இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் கசியும். தூசி அந்த வழியில் நுழையாது. ஆனால் வலையை அடிக்கடி தட்டிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும்.

உள்ளே சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

பக்கத் தகட்டைக் கழற்றிப்போட்டால் கணினி குளிர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் காற்று ஓடும் பாதை கலைந்து, வலையில் வடிகட்டாத தூசி நேராக உள்ளே இறங்குவதுதான் மிச்சம்.