சிங்களத்தில் மட்டும் வந்த கடிதம்: இலங்கையில் மொழியுரிமை, கேள்வி பதில்

இலங்கை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம், அரசகரும மொழிகள் ஆணைக்குழு, அலுவலகங்களில் தமிழ் ஆகியவை பற்றிக் கேட்கலாம். நீதிமன்றத்தில் ஏற்கெனவே இருக்கும் வழக்கு பற்றி வேண்டாம். அதை உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கம்பஹா மாவட்டத்திலிருந்து: அக்கா, காணி அளவை சம்பந்தமாகப் பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முழுக்கச் சிங்களம். நாங்கள் வடக்கு கிழக்கில் இல்லை. தமிழில் தரச்சொல்லிக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. இந்த ஒரு சந்தேகத்தால்தான் பலர் கேட்காமலே விடுகிறார்கள்.

22(1) உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், மற்ற ஏழு மாகாணங்களில் சிங்களம். அலுவலகம் தன் பதிவேட்டை எந்த மொழியில் வைத்திருக்க வேண்டும், தன் வேலையை எந்த மொழியில் செய்ய வேண்டும் என்பதற்கான விதி அது. உங்களுக்கான விதி 22(2). சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் நீங்கள் அதிகாரிக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம். பார்வையிடவோ பிரதி எடுக்கவோ சட்டம் அனுமதிக்கும் பதிவேட்டின் பிரதியை அல்லது மொழிபெயர்ப்பைத் தமிழில் கேட்கலாம். உங்களுக்கென்று வழங்கப்படும் ஆவணத்தையும் அப்படியே. தமிழுக்குப் பதிலாக ஆங்கிலம் வேண்டுமென்றாலும் கேட்கலாம். அந்தப் பகுதியில் இத்தனை வீதம் தமிழர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 22(2)இல் கிடையாது. ஊரில் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் என்றாலும் உரிமை உரிமைதான்.

செய்ய வேண்டியது இது. கடிதத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். உறையில் கிடைத்த திகதியைப் பேனாவால் எழுதி, உறையையும் வைத்திருங்கள். பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். பக்கத்து வீட்டாரைக் கொண்டு சிங்களத்தில் எழுதிக் கொடுத்தால், உங்களுக்குச் சிங்களம் போதும் என்று கோப்பில் பதிவாகிவிடும். நான்கு வரி போதும்: அவர்களின் கடித இலக்கமும் திகதியும், இது எனக்கு விளங்காத மொழியில் உள்ளது, 22(2) உறுப்புரையின்படி தமிழ் மொழிபெயர்ப்புத் தரவும், இதில் காலக்கெடு ஏதும் இருந்தால் தமிழ்ப் பிரதி கிடைத்த நாளிலிருந்து கணக்கிடவும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

காரியம் கெடுவது இதற்குப் பிறகுதான். தமிழ்ப் பிரதிக்காகக் காத்திருக்கும்போது அளவைத் திகதியோ ஆட்சேபனைத் திகதியோ போய்விடும். நான்காவது வரியை நீங்கள் எழுதலாம், அலுவலகம் அதை ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. ஆகவே, அந்தச் சிங்களக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அதே நாளில் யாரிடமாவது வாசித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமைக்கான கடிதம் ஒரு கையில், காணிக்கான ஆட்சேபனை மறு கையில். இரண்டும் ஒரே வாரத்தில் போக வேண்டும்.

பதுளையிலிருந்து: 1956 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னால் போதாதா மிஸ்?

பதில்: சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் வந்த ஆண்டையே முறைப்பாட்டு இலக்கமாக வைத்திருக்கிறார்கள். அழைப்பதில் தவறில்லை, ஆனால் அழைப்பு உங்கள் கையில் தாள் எதையும் தராது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். எந்த நிறுவனம், எந்தத் திகதி, என்ன கேட்டீர்கள், என்ன மொழியில் பதில் வந்தது அல்லது வரவேயில்லை என்பதோடு, அந்தக் கடிதத்தின் பிரதியும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் பிரதியும் இணைக்க வேண்டும். ஆணைக்குழு விசாரித்து நிறுவனத் தலைவருக்குப் பரிந்துரை செய்யும். அதைச் செயற்படுத்தாவிட்டால் விடயத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சட்டத்தில் வழி உண்டு.

அதே சட்டத்தின் 28ஆம் பிரிவைப் பலர் படித்ததேயில்லை. உரிய மொழியில் கருமமாற்றவோ பிரதி கொடுக்கவோ வேண்டுமென்றே தவறும் அரச அலுவலர் குற்றவாளி. நீதவான் நீதிமன்றத்தில் 1000 ரூபா வரை தண்டம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை நிரூபிக்க வேண்டும் என்பதால்தான் முதல் கடிதமும் பற்றுச்சீட்டும் அவசியம். நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கே சான்று இல்லையென்றால் அவர் வேண்டுமென்று மறுத்தார் என்று எப்படிக் காட்டுவது?

மட்டக்களப்பிலிருந்து: ஆணைக்குழு பதில் தரும் வரை பார்த்துவிட்டு உயர் நீதிமன்றம் போகலாம்தானே?

பதில்: வேண்டாம். மொழியுரிமை மீறலுக்கு அடிப்படை உரிமை மீறலைப் போலவே 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதியிருப்பதால் அந்த ஒரு மாதம் நின்றுவிடாது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. மொழியின் பேரில் பாகுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 12(2) தடுக்கிறது என்பதால் அங்கும் முறையிட இடமுண்டு. முறைப்பாடு கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்பதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள், நீதிமன்றம் அதைக் கேட்கும்.

கண்டியிலிருந்து: பொலிஸில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: புரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். இன்று எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை முறைப்பாட்டை எழுத்திலும் ஏற்கிறது. வாயால் சொன்னால் எழுதி வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. எனவே வீட்டிலேயே தமிழில் தெளிவாக எழுதி, இரண்டு பிரதியோடு போங்கள். அவர்கள் சிங்களத்தில்தான் எழுதுவோம் என்றால், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள்: “இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை.” அதற்குக் கீழே திகதியும் நேரமும். பின்னால் வாக்குமூலத்தில் நீங்கள் சொல்லாதது இருந்தால் அந்த ஒரு வரி உங்களோடு நிற்கும்.

வவுனியாவிலிருந்து (சிங்கள நண்பருக்காக): அவருக்கு மாநகரசபையிலிருந்து தமிழில் மட்டும் கடிதம் வருகிறது. அவருக்கும் உரிமை உண்டா?

பதில்: கட்டாயம் உண்டு. 22(3) அவருக்காகவே எழுதப்பட்டது. தமிழ் நிர்வாக மொழியான பகுதியில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அவர் கேட்கலாம். மேலே சொன்ன அதே நான்கு வரியை அவர் சிங்களத்தில் எழுதட்டும். இந்த உரிமையை நம் அலுவலகங்கள் அவருக்கு மறுத்தால், நாம் கேட்பதற்கு மதிப்பு ஏது?

கரவெட்டியிலிருந்து: அக்கா, குறுக்கே பேசுகிறேன். 18(1) சிங்களம் அரசகரும மொழி என்கிறது. 18(2) ‘தமிழும்’ என்கிறது. அந்த ‘உம்’ ஒன்றே நாம் இரண்டாம் தரம் என்று சொல்லவில்லையா? பிறகு 22, 23 என்று எண்களைப் பிடித்துக்கொண்டிருந்து என்ன பயன்?

பதில்: தம்பி, அந்த ‘உம்’ எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் உங்கள் கோபம் நியாயம்தான். 1987இல் 13ஆவது திருத்தம் வந்தபோது இருந்த வாக்கியத்தை மாற்றவில்லை, அதன்கீழ் இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஆனால் கடமையைத் தருவது 18 அல்ல, 1988இன் 16ஆவது திருத்தம் திருத்தி எழுதிய 22. அந்த ‘உம்’மைக் காட்டி எந்த அலுவலரும் தமிழ்ப் பதிலை மறுக்க முடியாது. ஏற்றத்தாழ்வு உண்மையில் உறைப்பது வேறிடத்தில். பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். எந்த உரை மேலோங்கும் என்று பாராளுமன்றம் தீர்மானிக்க 23ஆம் உறுப்புரை இடம் தருகிறது, பாராளுமன்றம் சிங்களத்தையே எழுதுகிறது. ஆகவே தமிழ் உரையில் ஒரு சொல் பிழைத்தால் சுமை நம் தலையில். சட்டத்தின் தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள், சிங்கள உரையோடு ஒப்பிட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கரவெட்டியிலிருந்து: நீதிமன்றம் போ, போ என்கிறீர்கள். கோடீஸ்வரன் நீதிமன்றம் போய் என்ன கண்டார்?

பதில்: நல்ல கேள்வி, முழுதாகச் சொல்ல வேண்டியது. கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாததால் 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. வழக்குப் போட்டார். அவருடைய வாதம் அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவில் நின்றது: ஓர் இனத்தவருக்கு மட்டும் இடைஞ்சல் தரும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது, 1956இன் சட்டமே செல்லாது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. எதன் பேரில்? அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது, அதாவது அரசின்மீது, வழக்குத் தொடர முடியாது என்பதன் பேரில். மொழிக் கேள்வியைத் தொடவேயில்லை. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில், அன்று நம் வழக்குகளின் இறுதி மேன்முறையீட்டு மன்றம்) அந்தக் காரணத்தைத் தள்ளி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்க்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது, 1972இல் 29ஆம் பிரிவே ஒழிந்தது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை.

திருகோணமலையிலிருந்து: அப்படியானால் தோல்விதானே? 1958இலேயே தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் இருந்ததே, அதைப் பிடித்திருக்கலாமே?

பதில்: 1958இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருந்தது, அதை இயக்கும் ஒழுங்குவிதிகள் இல்லை. அவை வந்தது 1966இல். எட்டு வருடம் வெறும் தாள். தோல்வியா என்றால், கோடீஸ்வரனுக்கு 126ஆம் உறுப்புரை போன்ற வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. மொழியுரிமை மீறப்பட்டால் நேரே உயர் நீதிமன்றம் போகலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அதைப் பயன்படுத்தாமல் 1964ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அந்த மனிதரின் உழைப்புக்கு நியாயமாகாது. இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள், காத்திருப்பவர்களிடம் போகிறேன்.

நுவரெலியா மாவட்டத்திலிருந்து: இருமொழிப் பிரிவு என்கிறார்களே, அதனால் என்ன மாற்றம்?

பதில்: சிறுபான்மை மொழியினரின் வீதத்தைப் பார்த்து, ஒரு பிரதேச செயலகப் பிரிவில் இரு மொழியையும் நிர்வாக மொழியாக்க 22(1)இன்கீழ் ஜனாதிபதி பணிக்கலாம். உங்கள் மாவட்டத்தில் அப்படி அறிவித்திருக்கிறார்கள். மாற்றம் இதுதான்: மற்ற இடத்தில் மொழிபெயர்ப்பு கேட்க வேண்டும். அங்கே பதிவேடே இரு மொழியில் இருக்க வேண்டும். தமிழ் தெரிந்த அலுவலர் எத்தனை பேர் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

கொழும்பிலிருந்து: மகள் பிறப்பைப் பதியப் போகிறோம். பெயர் யாழினி. கவனிக்க வேண்டியது?

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி. சிங்களத்தில் ழகரம் இல்லை, எனவே சிங்களத்தில் பதிந்தால் அது ளகரமாகும். அந்தச் சிங்களத்திலிருந்து தமிழுக்குத் திருப்பும்போது ‘யாளினி’ என்று வரும். ககரத்திலும் இதே சிக்கல். தமிழில் ஓர் எழுத்து, சிங்களத்தில் வல்லொலிக்கும் (ka) மெல்லொலிக்கும் (ga) தனித்தனி எழுத்து. ‘குகன்’ என்ற பெயர் பாடசாலைப் பதிவில் ஒருவிதம், கடவுச்சீட்டில் வேறுவிதம் ஆவது இப்படித்தான். தமிழில் பதியக் கேளுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயரை நீங்களே பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிவாளர் எழுதிய வரியைக் கையெழுத்துக்கு முன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அந்த நிமிடத்தில் திருத்துவது எளிது. பிறகென்றால் விண்ணப்பம், சத்தியக் கூற்று, பிரதேச செயலகப் படிகள்.

கொழும்பிலிருந்து வேறொருவர்: என் வங்கி தமிழில் படிவம் தருவதில்லை.

பதில்: அரச வங்கியா? நியதிச்சட்ட நிறுவனம், 22 பொருந்தும். தனியார் வங்கியா? பொருந்தாது.

குருநாகலிலிருந்து: எங்களுக்கும் கடிதம் சிங்களத்தில் வருகிறது. வடக்கு கிழக்குக்கு வெளியே உரிமை உண்டா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

இரத்தினபுரியிலிருந்து: சப்ரகமுவவில் தமிழில் கேட்கலாமா?

பதில்: முதல் பதில். மாகாணத்தின் பெயரை மாற்றினால் விதி மாறாது.

சென்னையிலிருந்து: தமிழ்நாட்டில் உள்ள தெலுங்கு, கன்னடச் சிறுபான்மையினருக்கு இப்படி உண்டா?

பதில்: இந்திய அரசியலமைப்பின் 350, 350ஏ, 350பி உறுப்புரைகளில் தொடங்குங்கள். அது தனியாகப் பேச வேண்டியது.

வவுனியாவிலிருந்து ஓர் அலுவலர்: என்னைச் சிங்களம் படிக்கச் சொல்வது உரிமை மீறலா?

பதில்: இல்லை. நியாயமான காலத்துக்குள் மொழி கற்கக் கோரலாம் என்று 12(2)இன் காப்பு வாசகமே சொல்கிறது. 2007 யூலை 1க்குப் பிறகு சேர்ந்த எல்லோருக்கும் இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சி கட்டாயம், சிங்கள அலுவலர் தமிழ் படிப்பதும் உட்பட. படியுங்கள். உங்களிடம் வரும் சிங்களவருக்கு 22(3) உண்டு.

மாத்தளையிலிருந்து: கடிதத்தில் 22(2) என்று எழுதினால் அலுவலர் கோபித்து வேலையை இழுத்தடிக்க மாட்டாரா?

பதில்: பலருக்கு அந்த எண்ணே தெரியாது, ஆகவே வைதது போலப் படலாம். முதல் கடிதத்தில் தண்டனைப் பிரிவைக் குறிப்பிடாதீர்கள். கடைசியில் ஒரு வரி சேருங்கள்: அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லையெனில் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் உதவியைப் பெற்றுத் தருமாறு வேண்டுகிறேன். அது அவருக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. 21 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் நினைவூட்டலுக்காக இன்னும் காத்திராமல், ஒரு மாதம் முடியுமுன் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.