பிக்கப்பில் பழுதில்லை, சாடிலைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: என் அக்கூஸ்டிக் கிட்டாரில் சாடிலுக்கு (தந்திகள் ஏறி நிற்கும் எலும்புத் துண்டு) அடியில் வைக்கும், மெல்லிய பட்டை போன்ற பீசோ பிக்கப்பை நானே பொருத்தினேன். ஆம்ப்பில் மாட்டினால் தடித்த நான்கு தந்திகளும் கணீரென்று கேட்கின்றன. மெல்லிய இரண்டும் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் அமுங்கிப்போகின்றன. ஒயரை மூன்று முறை பிரித்துப் பற்றவைத்துவிட்டேன். பிக்கப்பே பழுதா?

பதில்: முதலில் சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள். அந்தப் பட்டையிலிருந்து வருவது ஒரே ஒயர். அதில் தகராறு என்றால் ஆறு தந்தியும் சேர்ந்தே போகும், அல்லது எல்லாமே கரகரக்கும். நான்கு நன்றாகவும் இரண்டு மட்டும் மங்கலாகவும் கேட்டால், கோளாறு பெரும்பாலும் சாடிலின் எலும்பிலோ அது உட்காரும் மரத்திலோதான் இருக்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. தந்திகளைத் தளர்த்திச் சாடிலை எடுத்துவிடுங்கள். ஆம்ப்பின் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் பட்டையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லத் தட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவில் 'டொக்' என்று கேட்டால் பிக்கப் நலம்.

பீசோ என்பது அழுத்தத்தை மின்சாரமாக்கும் பொருள். ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்த குணம் இது. தந்தி அதிரும்போது சாடில் பட்டையை நெருக்கும், விடும்; அதுதான் உங்கள் ஆம்ப்பில் ஒலியாக வருகிறது. நெருக்காத இடத்தில் பட்டைக்கு எதுவும் கேட்காது. சாடிலின் அடி ஓரிடத்தில் மயிரிழை தூக்கியிருந்தாலும் போதும், அதற்கு நேர் மேலே உள்ள தந்தி ஊமையாகிவிடும்.

எனக்கு இது விளங்க இரண்டு பிக்கப் செலவானது. முதல் பிக்கப்பில் இதே இரண்டு தந்திகள் மங்கின. பழுது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே இரண்டு! அப்போதுதான் சாடிலை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி ஒரு முனையை விரலால் அழுத்தினேன். மறுமுனை எழும்பியது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இரு கோடியிலும் அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு. பிக்கப்பின் கனத்துக்கு ஏற்பச் சாடிலைக் குறைக்க உப்புத்தாளில் கையால் தேய்த்திருந்தேன். தேய்க்கும் கை படகு போல முன்னும் பின்னும் ஆடும். முனைகள் கரையும், நடு மேடாக நின்றுவிடும். நீங்களும் கையில் பிடித்துத்தான் தேய்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி இப்படிச் செய்யுங்கள். கண்ணாடியின் மேல் 220 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். சாடிலின் அடி முழுவதும் பென்சிலால் கிறுக்குங்கள். நேர்கோணமாக அறுத்த ஒரு மரக்கட்டையைத் தாளின் மேல் வைத்து, அதன் பக்கத்தோடு சாடிலை அணைத்துப் பிடித்து, இரண்டையும் சேர்த்து நகர்த்துங்கள். அழுத்த வேண்டாம். பென்சில் கறை எல்லா இடத்திலும் ஒன்றாக மறைந்தால் அடி சமமாகிவிட்டது. ஒரு கோடியில் மட்டும் கறை மிச்சமிருந்தால் இன்னும் சாய்வு இருக்கிறது. கடைசியில் 400 எண் தாளில் இரண்டு இழுப்பு. அவசரப்பட்டு அதிகம் தேய்த்துவிடாதீர்கள். குறைத்த எலும்பைத் திரும்பக் கூட்ட முடியாது.

பிறகு பிரிட்ஜில், அதாவது சாடிலைத் தாங்கும் மரத்தில், உள்ள பள்ளத்தைப் பாருங்கள். மூலையில் பழைய பசை, மரத்தூள், ஒயருக்காகத் துளை போட்ட இடத்தில் சிலும்பு. உங்கள் துளை மெல்லிய தந்திகள் பக்கம் இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். பட்டை அந்த விளிம்பில் மடிந்து இறங்கும்போது மேலே தூக்கிக்கொள்ளும். துளையின் உதட்டைச் சிறிய அரத்தால் சரிவாக மழித்துவிட்டால் பட்டை படிந்து உட்காரும். சாடில் பள்ளத்தில் இறுகவும் கூடாது. விரலால் இழுத்தால் வர வேண்டும், ஆனால் முன்பக்கம் சாயக் கூடாது. இறுகினால் தந்தியின் பாரத்தைப் பக்கச் சுவர்களே தாங்கிக்கொள்ளும். சுருதியை முழுதாக ஏற்றிய பிறகே வாசித்துப் பாருங்கள். தளர்ந்த தந்தியில் கேட்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: ஆம்ப்பின் ஒயரைச் செருகும் ஜாக்கைப் பொருத்த கிட்டாரின் அடியில் துளை போட வேண்டும். மரம் பிளந்துவிடுமோ என்று கை நடுங்குகிறது.

பதில்: நடுக்கம் நல்லது, அவசரம் வராது. ஜாக்கின் மரை பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆனாலும் உங்களுடையதை அளந்துகொண்டு தொடங்குங்கள். வார்ப்பட்டைக் குமிழ் இருந்த துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, கையால் திருகும் ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். டிரில்தான் இருக்கிறதென்றால், முதலில் அதைப் பின்னோக்கிச் சுழலவிட்டு வார்னிஷை மட்டும் வெட்டிக்கொண்டு, பிறகு முன்னோக்கிச் சுழற்றுங்கள்.

கேள்வி: பிக்கப்பை நேராக மிக்ஸரில் மாட்டினால் தகர டப்பாவைத் தட்டுவது போல ஒலிக்கிறது. ஏன்?

பதில்: பீசோ ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மாதிரி. அதை 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸரின் லைன் உள்ளீட்டின் மின்தடை 10 கிலோஓம் என்றால், சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே மெலியத் தொடங்கும். 1 மெகாஓமில் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியின் சுருதியோ 82 ஹெர்ட்ஸ், அதுவும் மெலியும். 10 மெகாஓம் உள்ளீடுள்ள பிரீஆம்ப் (மிக்ஸருக்கு முன் வைக்கும் சிறு பெருக்கி) இருந்தால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், ஒன்றும் போகாது. ஆகவே இடையில் பிரீஆம்ப் கட்டாயம் வேண்டும்.

பிரீஆம்பைக் கிட்டாருக்குள்ளேயே வைப்பதானால் ஸ்டீரியோ ஜாக் வாங்குங்கள். பேட்டரியின் கறுப்பு ஒயர் நடு வளையத்துக்குப் போகும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகியதும் வளையமும் எர்த்தும் சேர்ந்து மின்சாரம் ஓடும், உருவினால் நிற்கும். வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள். செருகியே வைத்தால் 9 வோல்ட் பேட்டரி சும்மாவே தீர்ந்துபோகும். பேட்டரியை வெல்க்ரோவால் உள்ளே இறுகக் கட்டுங்கள், இல்லையென்றால் அது மரத்தில் மோதும் சத்தமும் பிக்கப்பில் கேட்கும்.